யார் வரவில்லை?

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே நான்கைந்து வருடங்களைக் கடத்திவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், வேன் ஓட்டிப் பிழைப்பவன், செல்போன் திரையை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தடை, இதில் என் தவறும் இருக்கிறது. போன ஆடி வெள்ளியன்று அம்மன் சன்னதியில் நின்றபோது, கண்டதைக் கண்டபடி சொல்வதற்குப் படிப்பு எதற்கு என்று மனதில் பட்டது. அவள் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் ஓர் அறக்கட்டளையின் வேன் ஓட்டுகிறேன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை அவரவர் ஊரில் ஏற்றி, டவுனில் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவது என் வேலை. பந்தல்குடியில் ஒருவர், திருச்சுழிப் பக்கம் ஆறு பேர். விபூதி பூசி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாவியைத் திருப்புவேன். ஏற்றிப்போகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

முன்பெல்லாம் காலையில் ஏழு பேருக்கும் நானே போன் போட்டுக் கேட்பேன். பிறகு அறக்கட்டளை, வெளியூர்க் கம்பெனி ஒன்று செய்த ஆப்பை எல்லார் செல்லிலும் ஏற்றிக் கொடுத்தது. நோயாளியின் திரையில் இரண்டே பொத்தான்கள். பச்சையில் 'உண்டு'. சிவப்பில் 'வரவில்லை'. மேலே பொடி எழுத்தில் 'இன்றைய வருகை' என்று இருக்கும். அதை யாரும் படித்ததில்லை. சிவப்பை அமுக்கினால் அவர்கள் பெயர் என் செல்லில் சிவந்து மறைந்துவிடும். மேப்பு அந்த ஊரை விட்டுவிட்டு நேர் ரோட்டைக் காட்டும். மூன்று முறை சிவப்பு விழுந்தால் அந்த இருக்கை காத்திருப்பவருக்குப் போய்விடும் என்பது அலுவலக விதி. காத்திருப்பவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தானே.

ஒரு நாள் பந்தல்குடியைத் தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்றிக்கொண்டு கிளம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. திருச்சுழிப் பக்கம் ஐந்து பேரை ஏற்றி முடித்தபோது, மிச்சமிருந்த ஒரு பெயர் சிவந்து மறைந்தது. ஆடு வளர்க்கும் ஓர் அக்கா அவர். அறுபது வயது, தனியாள். அவர் ஊருக்குப் பிரியும் ரோட்டில் வண்டியை மெதுவாக்கினேன். அக்கா ஒரு நாளும் வராமல் இருந்ததில்லையே என்று தோன்றியது. கட்டைவிரல் போன் மேலே நின்றது. பின்னால் ஆறு பேர் நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டிருந்தார்கள். மேப்பு நேரே போ என்றது. போய்விட்டேன். ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. இத்தனை வருடம் என் பேனாவைப் பிடித்து நிறுத்தியது இந்த ஒரு வரிதான்.

அக்கா கருவேல மரத்தடியில் மத்தியானம் வரை நின்றிருக்கிறார். இரண்டாம் நாள் கால் வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். தேங்காய் உடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"என்னக்கா, அன்னைக்கு வரலைன்னு அமுக்கிட்டீக?"

மூக்கில் இருந்த குழாயை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமா, அமுக்குனேன். நீதான் வரலையே."

"நானா?"

"பின்ன? வண்டி வரலைன்னு சொல்லத்தான அந்தச் செவப்பு? நான் வரலைன்னு நான் எதுக்குடா அமுக்கப்போறேன்? ஊர்ல எனக்குக் கலெக்டர் வேலையா கெடக்கு?"

மேலும் விசாரித்தேன். வண்டி பத்து நிமிடம் தாமதமான வேறு இரண்டு நாட்களிலும் அவர் அதையே செய்திருக்கிறார். அப்போது நான் ஊருக்குள் நுழைந்துவிட்டதால் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் கணக்கில் சிவப்பு நின்றுவிட்டது. இது மூன்றாவது. இருக்கை போகப்போகிறது.

அறக்கட்டளை மேனேஜரிடம் ஓடினேன்.

"மூணு செவப்பு. நான் என்னப்பா செய்ய? படிக்கத் தெரியாதவுக கையில செல்லக் குடுத்தா இப்பிடித்தான்."

"அவுக படிச்சுத்தான் சார் அமுக்குனாக. படிச்சதுதான் வினை."

அவர் கெட்டவர் இல்லை. ஆப்பைத் திருத்த ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருப்பதாகவும், அவர் பார்த்துச் சொல்லும்வரை இருக்கையை யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சொன்னார். அக்காவின் உயிர் அந்தப் பெண்ணின் கையில் வந்து நின்றது.

அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண் அவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். பெரிய கம்பெனிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலை செய்தவர். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்து வண்டியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு நாட்கள் திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், செல்லை எங்கே வைப்பீர்கள், யார் எடுத்துப் பார்ப்பார்கள், வண்டி வருவது எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். வண்டியில் வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பொறுக்க முடியாமல், "தாயி, நீ போன் பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுல விசாரிக்காம பொண்ணு குடுப்பீகளா ஐயா?" என்று அந்தப் பெண்ணும் விடவில்லை.

மூன்றாம் நாள், அந்தத் திருப்பம் வந்தபோது என்னிடம் கேட்டார். "அண்ணே, அன்னைக்கு இந்த எடத்துல என்ன நெனச்சீக?"

"அக்கா வராம இருக்க மாட்டாகளேன்னு நெனச்சேன். செல்லு வேற மாதிரி சொல்லுச்சு. போயிட்டேன்."

அப்படியே எழுதிக்கொண்டார். "அப்ப ஒங்களுக்கும் அது ஒழுங்காச் சொல்லலை. எப்ப அமுக்குனாக, வண்டி எவ்வளவு லேட்டு, ஒண்ணும் காட்டலை."

"எம்மேலயும் தப்பு இருக்கு தாயி."

"இருக்கட்டும். அத நீங்க சாமிகிட்டச் சொல்லுங்க. திரையில இருக்கிற தப்ப நான் பாக்குறேன்."

யூஐ, யூஎக்ஸ் என்று அவர் அடிக்கடி சொல்வார். அது என்ன என்று கேட்டேன். "பொத்தான், கலரு, எழுத்து, அது இருக்குற எடம், இதெல்லாம் யூஐ. அக்கா மத்தியானம் வரைக்கும் மரத்தடியில நின்னாக பாருங்க, அது யூஎக்ஸ். மொதல்ல சொன்னத உக்காந்த எடத்துல வரைஞ்சிரலாம். ரெண்டாவதுக்கு அந்த மரத்தடிக்குப் போகணும்." எனக்கு அதற்குமேல் பாடம் தேவைப்படவில்லை.

ஐந்தாம் நாள் மேனேஜரையும் வண்டிக்கு வரச் சொன்னார். டவுனில் நிறுத்தியதும், பழைய திரையை அப்படியே காகிதத்தில் வரைந்து ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் காட்டினார். "மணி ஏழாச்சு. வண்டி இன்னும் வரலை. என்ன செய்வீக?" அவ்வளவுதான் கேள்வி. விளக்கம் கிடையாது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஆறு பேர். நான்கு பேர் விரல் சிவப்பில் விழுந்தது. அதில் ஒரு விரல் தலைமையாசிரியருடையது.

மேனேஜர் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"'வரவில்லை'ன்னா நானும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. யாருன்னு அந்தச் சொல்லு சொல்லாது சார்," என்றார் அந்தப் பெண். "எங்க வீட்டுத் தெலுங்குலயும் ராலேதுன்னா இதே கததான்."

"இத்தன வருசம் இலக்கணம் நடத்துனேன், எனக்கே தட்டலையே," என்று தலைமையாசிரியர் சிரித்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "மூணு செவப்பையும் அழிச்சிருவோம். சீட்டு அந்தம்மாவுக்குத்தான்," என்றார். நான் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். 'நான் வரவில்லை' என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். பந்தல்குடிப் பெரியவருக்குச் செல்லை எடுத்துப் பார்ப்பது அவர் மனைவி. அந்த அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நான் என்னைக்கும் வாரதில்லையே. அவுகதான வாராக?" என்று சட்டென்று அமுக்கிவிட்டார். வடிவமைத்த பெண்ணுக்கு முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவர் சந்தோஷமாக அந்தக் காகிதத்தைக் கிழித்தார். "செல்லுல போட்டதுக்கப்புறம் தெரிஞ்சிருந்தா ஒரு உசுரு. இப்பத் தெரிஞ்சா ஒரு காகிதம்."

கடைசிச் சொல் அக்காவிடமிருந்துதான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரிடம், வண்டி தாமதமானால் வாய் என்ன சொல்லும் என்று அந்தப் பெண் கேட்டார். "என்ன சொல்லும்? வண்டியக் காணோமேன்னு சொல்லும்." அதையே மூன்றாவது பொத்தானாக வைத்தார். வண்டி வேணும். வண்டி வேண்டாம். வண்டியைக் காணோம். 'வேண்டாம்' என்று அமுக்கினால் 'இன்றைக்கு டயாலிசிஸுக்குப் போகவில்லையா?' என்று செல் இன்னொரு முறை கேட்கும். அப்படியும் ஆம் என்றால், அவர்களுக்கு நான் போன் போட்டுப் பேசிய பிறகுதான் என் மேப்பு வழியை மாற்றும். அந்தப் போன் என் தவறுக்காக வைத்தது. நானே கேட்டு வாங்கினேன்.

மேனேஜர் மட்டும், "காணோம்னா வண்டி திருட்டுப் போன மாதிரில இருக்கு?" என்றார். மற்ற ஆறு பேரிடமும் காகிதத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர் விரலும் தடுமாறவில்லை. அதன்பின் அவரும் சரி என்றார்.

திருச்சுழிக் கோயிலில் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கால் தானாகப் போகும். நல்ல திரையும் அப்படித்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஜனங்களுக்குப் புத்தியில்லை என்று யாராவது சொன்னால், நீங்கள் அவர்கள் பக்கத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று கேட்பேன்.

புதிய ஆப் வந்து கொஞ்ச நாளில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். செல் அடித்தது. அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் 'வண்டியைக் காணோம்'. உடனே கூப்பிட்டேன்.

"ஏலே, எங்க நிக்கிற?"

"கேட்டுல நிக்கிறேன்க்கா. இந்தா வாரேன்."

"வா, வா. நான் எங்கயும் போகலை."

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அழகுக்காக எதையும் மாற்றாதீர்கள். நான் போன் போடாமல் போன இடத்தை எனக்காக விட்டுவிடாதீர்கள், அக்காவின் பேச்சைத் திருத்தாதீர்கள். ஒரு சொல் விட்டுப்போனதால் ஒரு வண்டி வழிமாறிய கதை இது. இருக்கிறபடியே கொண்டுபோய்ச் சேருங்கள்.