களைத்த ஆட்டுக்கு ஓர் இரவு

கொட்டிலுக்குள் கால் வைக்கும் முன்பே பஸீர் கைபேசியின் வாயை அடைத்துவிடுகிறார். வாளியில் தண்ணீர் நிரப்புகிறார். பலா இலைக் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆடுகளுக்கு நடுவே குந்தியிருந்து, "மழ வரும் போல ஈக்கி, பயப்பட வாணாம்" என்று தாழ்ந்த குரலில் ஊர்ப்புதினம் சொல்கிறார். கொட்டாஞ்சேனைத் தெரு முழுக்கக் கேட்கக் கதைக்கிற மனிதர், இங்கே மட்டும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல அடங்கிப் போவார்.

முப்பது வருடமாக ஆட்டிறைச்சிக் கடை. லொறியிலிருந்து இறங்கிய ஆட்டை ஓர் இரவு இளைப்பாற விடாமல் அறுக்கும் மடுவத்துக்கு அனுப்பியதில்லை. துணையில்லாமல் தனி ஆட்டை அனுப்பியதுமில்லை. கத்தியை ஆட்டின் கண்ணில் காட்டுவது மார்க்கத்துக்கும் ஆகாது, பஸீருக்கும் ஆகாது. "பயந்த ஆட்டுட எறச்சி கறுத்துப் போகும். ஆக்கினா செருப்புத் தோல். பின்னேரமே நாறும்" என்பார். ஆடுகளைப் பரிசோதிக்க வரும் மிருக வைத்தியர் நிருஷா அதற்குக் காரணம் சொன்னார். பதறிய ஆட்டின் தசையிலிருக்கும் சீனிச்சத்து முன்கூட்டியே தீர்ந்துவிடுமாம். அறுத்த பிறகு ஏற வேண்டிய புளிப்பு ஏறாதாம். பஸீர் மரியாதையாகத் தலையாட்டினார்.

"மிஸ் அத கம்பஸ்ல படிச்ச. நான் ஆட்டுட்ட படிச்ச."

இந்தப் பிடிவாதத்துக்கு உண்மையான சோதனை போன மாதம், மகள் ஷிம்னாவின் கலியாணத்தில் வந்தது. முதல் நாள் காலை வரவேண்டிய லொறி சிலாபத்தில் பழுதாகி, கலியாணத்தன்று விடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. எட்டு ஆடுகளும் நாக்குத் தள்ளி, கால் நடுங்கி நின்றன.

"இண்டக்கி மட்டும் கண்ண மூடுங்கொ! மருமகன்ட ஆக்களுக்கு என்னத்த வெக்கிற?" என்று மனைவி ருக்கியா காலில் விழாத குறை.

சம்பந்தி ஹமீட் வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருப்பவர்; கோபம் மூக்கின் மேல் நிற்கும். மகள் போய் வாழவேண்டிய வீடு அது. வேறு கடையில் வாங்கலாமென்றால், அந்த ஆடு எந்தக் கோலத்தில் வந்து இறங்கியதோ, யார் கண்டது? பஸீர் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கோழி போடச் சொல்லிவிட்டார்.

ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டின் மூடியைத் திறந்த ஹமீட், அதைக் கீழே வைக்கவில்லை. ஆட்டிறைச்சிக்காரன் மகளின் கலியாணத்தில் கோழியா!

"எங்களுக்கு இது போதுமெண்டு நெனச்சதா? ஆடு இல்லயா?"

"ஆடு ஈக்கி. களச்சி வந்தீக்கி. நாளக்கி ஜும்ஆவுக்குப் பொறகு எல்லாரும் வாங்கொ, ஆக்கித் தாறன்."

"எங்க, காட்டுங்க பாப்பம்!"

அடுத்த ஒழுங்கையில் கடைக்குப் பின்னால்தான் கொட்டில். கோட்டும் சூட்டும் புதுச் சப்பாத்துமாக ஹமீட் கீச்சுக் கீச்சென்று முன்னே நடந்தார். பஸீர் பின்னால் போனார். உள்ளே ஏழு ஆடுகள் படுத்து அசைபோட்டுக் கொண்டிருந்தன. கடைசி ஒன்று மட்டும் இன்னும் நின்றபடி நடுங்கியது.

"இதுகளுக்காகவா எங்கட குடும்பத்த..." என்று ஹமீட் குரலை உயர்த்தினார்.

மாப்பிள்ளையின் வாப்பா என்றும் பாராமல் பஸீர் எட்டி அவர் வாயைப் பொத்தினார். அந்த ஆடு முன்னங்கால்களை மடித்து, மெல்லச் சரிந்து படுத்தது. செய்த காரியம் அப்போதுதான் பஸீருக்கு உறைத்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

ஹமீடே அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். கொஞ்ச நேரம் ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக் குனிந்து, சப்பாத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலால் வெளியே நடந்தார்.