தவறணைப் பாட்டுக்காரர் எங்கள் அண்ணர்

எங்கள் அண்ணர் எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன உறவினர்கள், "தவறணைக் கதையெல்லாம் வேண்டாம் தங்கச்சி, நல்லதாய் நாலு வரி எழுது" என்றார்கள். அண்ணரின் வாழ்வில் நல்லவை பலவும் கள் விற்கும் அந்தத் தவறணையில்தான் நடந்தன. ஆகவே அதையே எழுதுகிறேன்.

அண்ணர் உச்சமுனைத் தீவில் பிறந்தவர். தகப்பனாரைக் கடல் கொண்டுபோனபோது அவருக்குப் பதின்மூன்று வயது, எனக்கு மூன்று. அன்றே தோணியில் ஏறியவர், தாயாரையும் என்னையும் பசி தெரியாமல் காப்பாற்றினார். என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அனுப்பி ஆசிரியை ஆக்கியவரும் அவரே. உப்பளத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன உடைந்த பிடிலைத் தாமே ஒட்டி, கோயிலில் கேட்ட பாட்டுகளை வாசித்துப் பழகினார்.

மீன் கொண்டுபோகும் நாட்களில் கற்பிட்டிக் கரையோரத்துக் கள்ளுத் தவறணையில் அமர்ந்து வாசிப்பார். அங்கே கள் இறக்கிக் கொடுத்தவர் சூசை. ஒருநாள் அண்ணர் பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டொன்றை வாசிக்க, சூசை கள் தீர்ந்த மண்முட்டியை மடியில் கவிழ்த்து, "என்ன அண்ணை, செத்த வீடே இது? கொஞ்சம் ஓட விடுங்கோ" என்று தட்டத் தொடங்கினார். பிடில் ஓடியது. அன்றுமுதல் அவர்கள் பிரியவில்லை.

கள்ளில் தண்ணீர் கலப்பதைப் பற்றி இருவரும் கட்டிய பாட்டைக் கேட்டுத் தவறணைக் குத்தகைக்காரர் அவர்களைத் துரத்திவிட்டார். ஒரு கிழமை, குடிக்க வருபவர்கள் இருக்கும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. பிறகு அவரே தோணி பிடித்து வந்து, "என்னைப் பற்றியே பாடுங்கோ, பரவாயில்லை. ரெண்டு பேரும் வாங்கோ" என்று கெஞ்சினார். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து சிலாபம் வரை கலியாண வீடுகளில் அவர்களைத் தேடினார்கள். அங்கே சூசை சிங்களத்திலும் இரண்டடி சேர்த்துப் பாடுவார். கடைசியில் கொழும்பிலிருந்து இசைத்தட்டுக் கம்பனிக்காரர் ஒருவர் வந்து, தவறணை வாங்கிலேயே இருந்து கேட்டுவிட்டு, இருவரையும் அழைத்தார்.

அந்தச் செய்தி பரவிய பிறகுதான் கோயில் பெரியவர்களுக்கு அண்ணர் ஒருவர் இருப்பது தெரியவந்தது. வீட்டுக்கு வந்து, "திருநாள் மேடையில நீர் பாடும் தம்பி. மரம் ஏறுறவன் மட்டும் வேண்டாம்" என்றார்கள்.

"அவன் ஏறாத மேடையில எனக்கென்ன வேலை?" என்றார் அண்ணர்.

எனக்கு அப்போது கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெரியவர்களின் சொந்தக்காரர். "ஒரு நாளைக்குத்தானே அண்ணா, தனியப் பாடுங்கோவன்" என்று நானும் சொன்னேன். படித்த நானே சொன்னேன். அண்ணர் ஏசவில்லை. பிடிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திருநாளன்று பின்னேரம் இருவரும் கோயில் மதிலுக்கு வெளியே மணலில் இருந்து பாடினார்கள். மேடைக்கு முன்னால் இருந்த சனம் எழும்பி மணலுக்கு வந்தது. என் கலியாணம் நின்றது. அதற்காக அண்ணர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். யார் யாரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு!

இசைத்தட்டு வந்தது. அதில் இரண்டு பேரின் பெயர்களும் இருந்தன. சூசைக்கு மேடை தராத அதே பெரியவர்கள் தங்கள் வீட்டு விசேஷங்களில் அதைப் போட்டு, "எங்கட ஆள்" என்று வந்தவர்களுக்குச் சொன்னார்கள். வெட்கம் என்ற ஒன்று அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நெருப்புக்காய்ச்சலில் அண்ணர் விழுந்தபோது எங்கட ஆட்கள் ஒருவரும் வாசற்படி மிதிக்கவில்லை. சூசைதான் களப்பைத் தாண்டித் தோணி வலித்துப் புத்தளம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். அண்ணர் கண்மூடும்வரை பன்னிரண்டு நாளும் கஞ்சி பருக்கினார். அடக்கத்தன்று அவர் பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது, ஒரு பெரியவர் கையைத் தட்டிவிட்டு, "நீ தள்ளி நில்" என்றார். சூசை, அடக்கம் நடந்த சேமக்காலையின் வாசலுக்கு வெளியே நின்று அழுதார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதியாக இன்றும் எரிகிறது.

அண்ணரைப் பராமரித்த வைத்தியருக்கும் கன்னியருக்கும், குழி வெட்டிய அயலவருக்கும் எங்கள் நன்றி. எல்லோருக்கும் முன்பாக, சூசை அண்ணருக்கு. இம்மலரின் முதற்பிரதி அவர் கையில்தான் கொடுக்கப்படும்.

ஆண்டுப் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு. பந்தியில் என் பக்கத்தில் சூசை அண்ணர் இருப்பார். அவரோடு இருந்து சாப்பிட மனமில்லாதவர்கள் பூசையோடு திரும்பிவிடலாம். இரண்டாம் பந்தி கிடையாது.

தங்கை