கேஸ் மெஷினுக்கு மூச்சு முட்டிய நாள்

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்படியில் உட்கார்ந்து, மெஷினிலிருந்து கழற்றிய ஏர் பில்டரைத் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு மடிப்பு மடிப்பாக இருக்கும் தாள் பில்டர். ஒரு தட்டுக்கு விபூதி மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. இன்னொரு தட்டுக்கு இன்னும் கொட்டியது. அப்போதுதான் சட்டென்று உறைத்தது: மெஷின் கெட்டுப்போகவில்லை, அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது. “அண்ணி, புடிச்சிட்டேங்க!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். பாதிதான் பிடித்திருந்தேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். அண்ணி பெரம்பலூரில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, மண்டபங்களையும் கடைகளையும் சுத்தம் செய்து மெருகேற்றித் தரும் தொழிலை ஆரம்பித்திருந்தார். பி.காம். படித்தவர், வாய் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நான் அவரோடு ஒட்டிக்கொண்டேன். சென்னையில் ஏதோ ஒரு பெரிய கடை ஓட்டிக் கழித்த கேஸ் மெஷினை அவர் வாங்கி வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. தரையில் பூசிய பாலீஷ் மேல் வட்டமான பேட் ஒன்றைப் படுவேகமாகச் சுழற்றி, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்க வைக்கும் மெஷின் அது. கரண்டு வேண்டாம், ஒயர் வேண்டாம். புரொப்பேன் சிலிண்டர் ஒன்றைச் சுமந்துகொண்டு இன்ஜினில் ஓடும். “கரண்டு போனாலும் நம்ம வேல நிக்காது” என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே அரியலூர் மண்டபத்தைப் பிடித்தார். முதல் வேலை நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க அந்த மண்டபம் எங்களுக்கு என்று பேச்சு. மறுநாள் காலை முகூர்த்தம். சாயங்காலம் பெண் வீட்டார் வருவதற்குள் தரை மின்ன வேண்டும்.

அரியலூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிமெண்டு லாரிகள் ஓயாமல் போகும் ஊர் என்பதால், கை தானாகப் போய் கதவைச் சாத்தும். மண்டப மேனேஜரும் நாங்கள் உள்ளே நுழைந்ததுமே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். “ஒரு கதவத் தொறந்தாலும் புழுதி பூரா உங்க பாலீஷ் மேலதாம்மா” என்றார். நியாயமாகத்தான் பட்டது.

மெஷின் மேடைக்கு முன்னால் ஒரு சுற்று அருமையாக ஓடியது. பிறகு இருமியது; கறுப்பாகப் புகைந்தது; நின்றது. முதலில் கேஸைச் சந்தேகப்பட்டேன். சிலிண்டர் வால்வை அவசரமாகத் திருகினால் உள்ளிருக்கும் பாதுகாப்பு அடைப்பு கேஸைத் தடுத்துவிடும். மூடி, கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் திறந்தேன். ஓடியது, மறுபடி நின்றது. இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி. “ஒவ்வொண்ணா பாரு. ரெண்டக் கழட்டுனா எது கோளாறுன்னு ஒனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது” என்றார் அண்ணி, என் தோளுக்குப் பின்னால் நின்று. பிளக்கில் அவ்வளவு கரி என்றால் கேஸ் போகிறது, காற்றுதான் போதவில்லை. அப்படித்தான் பில்டருக்கு வந்தேன். பல மாதத் தூசியை வறட்டுத் துடைப்பத்தால் நாங்களே கிளப்பிவிட, இன்ஜின் அத்தனையையும் உறிஞ்சியிருந்தது.

பில்டரை மாட்டியதும் மெஷின் புதுசு போல உறுமியது. நான் குதித்தேன். அண்ணி குதிக்கவில்லை. பெருக்க வந்திருந்த வரதராஜன்பேட்டை அக்கா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “தல கிர்ருங்குது தாயி, வெயிலா இருக்கும்” என்றார். உள்ளே ஏது வெயில்? எனக்கும் நெற்றிப்பொட்டு வலித்துக்கொண்டிருந்தது, சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

அண்ணி எட்டி இன்ஜினை அணைத்தார். “மெஷினுக்கு மூச்சு முட்டுதுன்னு கண்டுபுடிச்சியே, நமக்கு?” என்று என்னைப் பார்த்தார். காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்த கேஸின் புகையோடு, வாசனையே இல்லாத நச்சுவாயுவும் மூடிய மண்டபத்துக்குள் நிரம்பியிருந்தது. ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு அது. பாடத்தில் நான் படித்ததுதான். அவர் ஆட்களைப் பார்த்தார், நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தனை கதவும் படார் படாரென்று திறந்தன. எல்லோரையும் வெளியே புங்கமரத்தடிக்கு அனுப்பி, அந்த அக்காவைத் துணையோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். மேனேஜர் ஓடி வந்தார். “என்னம்மா பண்றீங்க? பொண்ணு வூட்டுக்காரங்க வந்துருவாங்க! இப்டின்னா அடுத்த வேல கெடயாது, சொல்லிட்டேன்!”

“தர மங்குனா தொடச்சிக்கலாம் சார். ஆளு மயங்கி விழுந்தா எந்த பாலீஷ் போடுவீங்க?” என்றார் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. கிடைத்த ஒரே பெரிய வேலை கைவிட்டுப் போகிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல சேதி போனில் வந்த பிறகே மெஷினைத் தொட விட்டார். அதற்குள் தண்ணீர் வண்டிக்காரரைப் பிடித்து புழுதி எழும்பாமலிருக்க வாசல் முழுக்க நனைத்துவிட்டார். ரோட்டுப்பக்க ஜன்னல்களில் ஈரச் சேலைகள் தொங்கின. பந்திக்கூடத்துக் கதவுகள் விரியத் திறந்திருந்தன. கொஞ்சம் ஓட்டுவோம், அணைப்போம், வெளியே போய் நிற்போம். நடுக்கூடம் கண்ணாடியானது. ஓரங்களுக்கு நேரம் போதவில்லை. “ஓரத்துல நாற்காலி போடுங்க சார், மாப்ள நடுவுலதான நடப்பாரு” என்றார் அண்ணி. மேனேஜர் சிரிக்கவில்லை. சொன்னபடியே அடுத்த வேலையையும் தரவில்லை.

அண்ணி இப்போது அண்ணனோடு சிங்கப்பூரில். மெஷின் என்னிடம். அந்தப் பழைய பில்டரை ஷெட் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். முந்தாநாள் அதே மேனேஜர் கூப்பிட்டார். “மண்டபத்துல வேல இருக்கும்மா. தண்ணி வண்டிக்கு நானே சொல்லிர்றேன்” என்றார். அண்ணிக்குப் போன் போட்டேன். அந்த நீளச் சிரிப்பு கொஞ்ச நேரம் ஓடியது.

பின்கதவில் ஒரு பெரிய விசிறியைக் கட்டிப் புகையை வெளியே இழுக்கலாமா என்று பார்க்கப்போகிறேன். அந்த நச்சுவாயு கூடினால் கூவும் கருவி ஒன்றும் வாங்கியாயிற்று. இந்த முறை ஓரங்களும் மின்ன வேண்டும். இன்று ஆணியிலிருந்து பில்டரை எடுத்துத் தட்டினேன். இன்னும் கொஞ்சம் வெள்ளைத் தூள் விழுந்தது. நாளைக்கு மண்டபத்தில் முதலில் கதவுகளைத் திறந்து, ஆட்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் கேஸைத் திறப்பேன். மெதுவாக.