நரகத்துக்குப் போன குவளை

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் அந்தக் கிராமத்துக்கு இருந்த ஒரே மதுக்கடை டோர்காஸ் பெட்டிட்டுடையது. அவள் ஊற்றும் குவளையில் பாதி பியர், பாதி நுரை. கேட்டால், "நுரைக்கு நான் காசு வாங்கலையே, அது இனாம்!" என்பாள். ஆனால் ஞாயிறு தவறாமல் கோயிலில் முதல் வரிசையில் உட்காரும் பக்திக்காரி.

கோயிலுக்கு எழுநூறு வயது. சிக்கிமுக்கிக் கல் சுவர், ஓக் மரக் கூரை, பலிபீடத்துக்கு முன்னால் பெரிய வளைவு. வளைவுக்கு மேல், பாவிகள் நரகத்துக்குப் போவதைக் காட்டும் நியாயத்தீர்ப்பு ஓவியத்தை, படமே விக்கிரகம் என்று ஏதோ ஒரு ராஜா காலத்தில் சுண்ணாம்படித்து மூடிவிட்டார்கள். அந்த வசந்தத்தில் கூரை ஒழுகிச் சுண்ணாம்பு உரிந்தது. லண்டனிலிருந்து ஒரு நிபுணர் வந்து மெல்லச் சுரண்டினார். முதலில் வெளியே வந்தது யார்? குவளையும் கையுமாக ஒரு மதுக்கடைக்காரி! அளவைக் குறைத்த பாவத்துக்கு அவளைப் பிசாசு தோளில் போட்டுக்கொண்டு நரகத்துக்குப் போகிறது.

வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. "அம்மா டோர்காஸ், உன் மூக்கேதான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார் மாவு மில் முதலாளி ஹோரஸ் கெம்பால்.

டோர்காஸுக்குப் பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் எதிரே அந்தக் குவளை. "மறுபடி சுண்ணாம்படிங்க. இல்லேன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போதகரிடம் சண்டைக்குப் போனாள். ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும் என்று அவர் நழுவிவிட்டார்.

அதற்குள் நிபுணரின் கை சும்மா இருக்குமா? பிசாசுக்குப் பின்னால், கழுத்தில் மாவு மூட்டையோடு ஒரு மில்காரன் வந்தான். அவனுக்கும் பின்னால் ஒரு பிஷப். ஹோரஸின் சிரிப்பு நின்றது.

கூட்டத்தில் அவர்தான் முதலில் எழுந்தார். "சின்னப் பிள்ளைங்க பாத்தா பயப்படும். மூடிரலாம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று இருமினார் போதகர்.

டோர்காஸ் இடுப்பில் கை வைத்தாள். "என்னை மட்டும் தூக்கிட்டுப் போனப்போ எந்தப் பிள்ளையும் பயப்படலையா, மில்லுக்காரரே? தனியாப் போறோமேன்னுதான் எனக்கு வருத்தம். இப்போதான் பெரிய மனுஷங்க துணைக்கு வர்றாங்களே! படம் இருக்கட்டும். கை தூக்குறவங்களுக்கெல்லாம் இன்னிக்கு ஆளுக்கு ஒரு குவளை, என் செலவுல."

"நுரையா, பியரா?" என்றது பின்வரிசை.

அவள் அண்ணாந்து ஒருமுறை வளைவைப் பார்த்தாள். "விளிம்பு வரைக்கும் பியர்."

போதகர் உட்பட அத்தனை கையும் உயர்ந்தன, ஒன்றைத் தவிர.

அன்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் அவள் கை பாதியிலேயே நின்றது. கடையே கைகொட்டிச் சிரிக்க, நுரை அடங்கும்வரை பொறுத்து மறுபடி ஊற்றினாள்.

மறுநாள் காலை மில்லுக்குப் போனவர்கள் பார்த்தார்கள்: தராசுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த ஈயத்தை ஹோரஸ் சுரண்டிக்கொண்டிருந்தார்.