பாண் ஓட்டோ மெட்டும் அக்காவின் கலியாணமும்

அன்று பின்னேரம், பேக்கரியிலிருந்து பாண் விற்க வருகிற ஓட்டோவின் மெட்டு சுருதி இறங்கிக் கேட்டது. பற்றரி முடிகிற நேரம் போல... இழுத்து இழுத்து, நித்திரை வந்த ஆள் பாடுவது மாதிரி எங்கள் ஒழுங்கையால் போனது. ஆனாலும் எல்லா வீட்டுக் கேற்றும் திறந்தது.

ஒரு சொல் இல்லாத மெட்டு. சுருதியும் பிழை. அதற்கே சனம் பையோடு வருகிறதே என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா குவைத்துக்குப் போனபிறகு தம்பியைப் பார்க்க ஆளில்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். பக்கத்து வளவில் பெரியம்மா வீடு. பெரியம்மாவின் மகள்தான் அக்கா. சங்கீதம் படித்தவள், எனக்கும் பழக்கினாள். அவள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் வயலின் என்னிடம் வந்தது. வாசிப்பேன். ஆட்களோடு கதைப்பதுதான் வராது.

அக்காவை நிச்சயம் பண்ண பழுகாமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். மாப்பிள்ளையின் மாமி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"இந்தப் புள்ளைக்குக் கதை வராதாகா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போகும்வரை நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

அன்றே அக்கா சொல்லிவிட்டாள். "என்ட கலியாணத்துக்கு நீதான் வாசிக்கணும். அந்த மாமிக்கு முன்னுக்கு."

மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை... அப்படித்தான் மாட்டினேன்.

என்ன பாட்டு வாசிப்பது? தம்பி அந்த வருஷம் எல்லா ஓட்டோவிலும் ஓடிய குத்துப் பாட்டைக் கேட்டான். வாசித்துப் பார்த்தேன். பாடுகிறவரின் வேகமும் மேளமும் இல்லாவிட்டால் அந்தப் பாட்டில் மிச்சம் ஒரே ஒரு சுரம்தான். தம்பி காதைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, காதுக்குள்ள நுளம்பு இரையிற மாதிரி இருக்கு" என்றான்.

அப்போதுதான் பாண் ஓட்டோ ஞாபகம் வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் இருந்துகொண்டு அந்த மெட்டை வாசித்தேன். சும்மா ஒரு விளையாட்டுக்கு.

எதிர்வீட்டு மாமி பையோடு வெளியே வந்தா. ஒழுங்கையின் அந்தத் தலையையும் இந்தத் தலையையும் பார்த்தா. "எங்ககா பாண்காரன்?" என்று அடுத்த வீட்டைக் கேட்டா. அங்கேயும் ஒருவர் காசோடு நின்றார். நான் நிலத்தில் குந்திக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாப் பாட்டையும் அந்த ஜன்னலில்தான் சோதித்தேன். ஒழுங்கையால் போகிறவர்கள் மெட்டைப் பிடித்துப் பாடினால் அந்தப் பாட்டு பாஸ். பேசாமல் போனால் பெயில். வாவிக் காற்று அடித்தால் தந்தி இறங்கிவிடும். திருப்பி ஏற்றிக்கொண்டு மறுபடியும் தொடங்குவேன்.

எனக்கு மிகவும் பிடித்த மெலடி ஒன்று. அதை வாசித்தபோது கூட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமி விளக்குமாற்றோடு அப்படியே நின்றா. பாஸ் என்று நினைத்தேன்.

"கலியாணத்துக்கு நீ இதையா வாசிக்கப் போறா? படத்துல புருஷன் செத்த பாட்டல்லா இது" என்றா ஜன்னலைப் பார்த்து.

மெட்டு மட்டும்தானே என்று நினைத்திருந்தேன். நான் சொல்லை விட்டாலும் கேட்கிறவர்கள் விடமாட்டார்கள்... அந்தப் பாட்டு போய்விட்டது.

இன்னொரு நாள் மீன்காரர் சைக்கிளை நிறுத்தினார். நான் வாசித்த காதல் பாட்டைச் சரியாகப் பிடித்துப் பாடிக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு, "புள்ள, இடையில வாற மியூசிக்க எங்க விட்டா?" என்றார். பிறகு அவரே அதை வாயால் வாசித்துக்கொண்டு மீன் பெட்டியில் தாளமும் போட்டுக் காட்டினார். பாட்டு வரிகளை விட அந்த மியூசிக் அவருக்குப் பாடமாக இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பாட்டையும் ஆரம்ப மியூசிக், இடை மியூசிக் ஒன்றும் விடாமல்தான் வாசிப்பேன்.

கலியாண நாள். தாலி கட்டியாகிவிட்டது. சனம் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டது. மணவறைப் பக்கத்துப் பூ அலங்காரத்துக்குப் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டேன். யார் கண்ணுக்கும் நான் தெரியமாட்டேன். மைக் மட்டும் தெரியும்.

சாமிப் பாட்டு ஒன்று வாசித்தேன். ஒருவரும் திரும்பவில்லை. பூவுக்கு இடையால் பார்த்தேன். அந்தப் பழுகாமத்து மாமி பக்கத்து ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தா. அக்கா மணவறையிலிருந்து என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லை மடியில் வைத்தேன். இத்தோடு எழும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது எதிர்வீட்டு மாமி கண்ணில் பட்டா. மடியில் ஒரு பை.

பாண் ஓட்டோ மெட்டை வாசித்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பிள்ளைகள் றோட்டுக்கு ஓடினார்கள். எதிர்வீட்டு மாமிக்கு விளங்கிவிட்டது. "அடி கள்ளி, அண்டைக்கும் நீதானா" என்று எழும்பியே நின்றுவிட்டா. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியபோது எல்லா முகமும் என் பக்கம் இருந்தது.

நிறுத்தாமல் மீன்காரர் பாஸ் பண்ணிய பாட்டுக்குப் போனேன். ஆரம்ப மியூசிக்கிலேயே யாரோ விசில் அடித்தார்கள். வரி தொடங்கும்போது நான் மட்டும் வாசிக்கவில்லை, மண்டபமே பாடியது. அந்தப் பழுகாமத்து மாமி சோற்றுக் கையோடு தாளம் போட்டா.

இப்போது கலியாணங்களுக்கு வாசிப்பதுதான் என் தொழில். கலியாண வீட்டுக்காரர் பாட்டுகளை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். ஜன்னல் சோதனை தேவையில்லை. பாண் ஓட்டோவும் வேறு மெட்டுக்கு மாறிவிட்டது... என்றாலும் புதுப் பாட்டு ஏதும் வந்தால் நான் இன்னும் ஜன்னலைத் திறந்துதான் வாசிக்கிறேன். திரைச்சீலை மட்டும் இப்போது இல்லை.

அன்று பாட்டு முடிந்ததும் பழுகாமத்து மாமி கை கழுவிவிட்டு நேரே வந்தா. பூவை விலக்கி எட்டிப் பார்த்தா.

"இன்னொண்டு வாசி மகள். உன்ட முகம் அங்க தெரியல்ல."

"ஓம் மாமி, வாறன்" என்றேன். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் போட்டேன்.