மறுத்துச் சொன்ன கரை

எங்கள் பக்கத்தில் முதியவன் ஒருவன் பெரிய நீர்நிலைக்குச் செல்வதற்கு இரண்டே காரணங்கள் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றன. ஒன்று, இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது. மற்றொன்று, தானே இறந்து, பிறர் கையில் சாம்பலாகச் செல்வது. மகிழ்ச்சிக்காகப் படகேறித் தூண்டில் போடுவது என்னும் மூன்றாவது காரணத்தை, எழுபதைக் கடந்த பின்னர் நான் சேர்த்தேன். சேர்த்ததை நீக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

எருமப்பட்டிக்கு அருகே மானாவாரி நிலத்தில் பிறந்தவன் நான். வாழ்நாளில் பெரும்பகுதியை ரிக் வண்டியோடு ஊர் ஊராகச் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில் கழித்தேன். கண்ணுக்குத் தெரியாத நீரைத் தேடிய எனக்கு, கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் நீரின்மேல் ஒருநாளேனும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை அந்நாளிலேயே தோன்றிவிட்டது. தொழிலை மகனிடம் ஒப்படைத்த மறு மாதமே தூண்டில் வாங்கினேன்.

தொடக்கத்தில் தவறினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேட்டூர் நீர்த்தேக்கத்தில், மீன்பிடிக்க உரிமம் பெற்ற ஒருவருடைய பரிசலில் ஏறியதும், "ஆழமான எடத்துக்கு உடுங்க" என்றேன். ஆழத்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்பது ரிக் தொழிலின் முதற்பாடம். பொழுது சாயும்வரை தூண்டிலின் மிதவை அசையவே இல்லை. நீருக்கு அந்த விதி பொருந்தலாம், மீனுக்குப் பொருந்தாது. அது இரை இருக்கும் இடத்தில் இருக்கிறது. இரையோ கரையோரத்துப் புல்லிலும், மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்பிலும் இருக்கிறது. இதை அறிந்துகொண்ட பின்னர், தை, மாசி மாதங்களில் நீர் வடிந்து விளிம்புகள் வெளிப்படும்போது மட்டுமே அங்கே சென்றேன். வெறுங்கையோடு திரும்பிய நாள்கள் குறைந்தன.

சென்ற மாசியில் பெரிய கட்லா மீன் ஒன்று சிக்கியது. பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கட்லா இழுத்த இழுப்பில் கால்கள் தாமாகவே நிமிர்ந்துவிட்டன. மறுகணம் நீருக்குள் இருந்தேன். பரிசல்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். சளி பிடித்தது, அவ்வளவே. ஆயினும் செய்தி எனக்கு முன்பே வீடு சேர்ந்துவிட்டது. வாசலில் என் மகனும், என் மனைவியின் தம்பியும் காத்திருந்தார்கள்.

"அப்பா, இனிப் படகுங்கற பேச்சே வேண்டாங்க" என்றான் மகன்.

மைத்துனர் அதற்கு மேலே சென்றார். "ஏனுங் மச்சான், மீன் வேணும்னா சந்தையில இருக்குதுங்க. கட்லாவே உங்களப் புடிச்சுட்டுப் போயிருந்தா நாங்க எந்தச் சந்தையில போய்க் கேக்கறது?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

மகன் நல்லவன். தந்தையின் ஆசையையும் காக்க வேண்டும், தந்தையையும் காக்க வேண்டும் என்று எண்ணி, ஓமலூரைத் தாண்டி ஒரு தோட்டத்தில் இருந்த குட்டைக்கு என்னை அழைத்துச் சென்றான். நாற்காலி இருந்தது, குடை இருந்தது. கயிற்றால் கரையோடு கட்டப்பட்ட படகும் இருந்தது. தீனி போடுகிறவரின் காலடி ஓசை கேட்டதும் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு கூட்டமாக வந்தன. பட்டியில் அடைத்த மேச்சேரி ஆட்டைப் பிடித்துவிட்டு வேட்டையாடினேன் என்று சொல்வதை ஒக்கும் அது. தூண்டிலைப் பிரிக்காமலே திரும்பினேன். கிடைக்காமற்போவதற்கு இடமில்லாத நீர்நிலை, எனக்குரிய நீர்நிலை அன்று.

ஆடி பிறந்தது. காவிரியில் புதுவெள்ளம் வந்து மேட்டூரில் நீர் கலங்கி ஏறும் காலம், பரிசலுக்கு ஏற்றதன்று. எனவே கடலை நோக்கினேன். தென்மேற்குக் காற்று வீசும் மாதத்தில் அக்காற்றை எதிர்கொள்ளும் கரையில் அலை உயரும். நிலத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கிழக்கே பார்க்கும் கரையில் கடல் தாழ்ந்து கிடக்கும். ஆகவே இராமநாதபுரத்துக்கு வடக்கே உள்ள கரைகளைத் தேர்ந்தேன். ஆனால், கரையைத் தேர்ந்தால் போதுமா? படகோட்டியைத் தேர்வது எவ்வாறு?

இங்கே என் தொழில் கைகொடுத்தது. தேங்காயை உள்ளங்கையில் வைத்தும், வேப்பங்குச்சியைப் பிடித்தும் நீரோட்டம் பார்ப்பவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். எந்தக் காட்டிலும் ஓரிடத்தைக் காட்டி, "இங்க போடுங்க, கொட்டும்" என்பவர்களே மிகுதி. "இந்தக் காட்டுல தண்ணி இல்லீங்க, வண்டியத் திருப்புங்க" என்று சொன்னவர்கள் மிகச் சிலர். அச்சிலர் பின்னொரு நாள் 'இருக்கிறது' என்று சொன்னால், இரண்டாவது பேச்சின்றி ரிக்கை நிறுத்துவேன். மறுக்கத் தெரிந்தவனின் ஒப்புதலுக்கே மதிப்பு உண்டு.

ஆகவே, எங்கள் தென்னைகள் தலைசுழற்றி ஆடிய ஒருநாள், விசாரித்து வாங்கி வைத்திருந்த எண்களுக்கெல்லாம் பேசினேன். நாளைக்கு வரலாமா என்று கேட்டேன். "தாராளமா வாங்க சார்" என்றார்கள். ஒருவர், மீன் கிடைப்பதற்கு உறுதியே கொடுத்தார். கடைசியாகப் பேசியவர் மட்டும் வேறு சொன்னார்.

"நாளைக்கு வராதீக ஐயா. கச்சான் வெரசா அடிக்குது."

மேற்கிலிருந்து வரும் காற்றை அவர்கள் கச்சான் என்கிறார்கள். நிலத்துக் காற்றுத்தானே, அலை இராதே என்று என் படிப்பைக் காட்டினேன்.

"அல இல்லதான். போறது சுளுவு, திரும்புறதுதான் பாடு. காத்து தள்ளிக்கிட்டே போயிரும். தணிஞ்சதும் நானே சொல்றேன்."

அக்கணமே என் கரை முடிவாயிற்று.

காற்று தணிந்து அவர் அழைத்ததும் வீட்டில் அறிவித்தேன். அன்று மாலையே மகனும் மைத்துனரும் வந்துவிட்டார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றார் மைத்துனர். படகோட்டியை நான் தேர்ந்த முறையை விளக்கினேன். கேட்டு முடித்தவர், துடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"வேண்டாம்னு சொல்றவனத்தான் நம்புவீங்க, அப்படித்தானுங் மச்சான்? நாங்க ரெண்டு பேரும் மாசியிலருந்து அதத்தானுங்க சொல்றோம். எங்களயும் நம்புங்க!"

கூர்மையான கேள்விதான். நான் சொன்னேன்:

"அவரு காத்தப் பாத்து வேண்டாம்னாரு மாப்பிள்ள. நீங்க எந்தலையப் பாத்து வேண்டாங்கறீங்க. காத்து தணிஞ்சா அவரு வரச்சொல்லுவாரு. என் நரை தணியறது எப்ப?"

மகன் தரையைப் பார்த்தான். "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அம்மா என்ன பண்ணுவாங்க?" என்றான் மெதுவாக. அவனுடைய அச்சம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. விடை, நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த என் மனைவியிடமிருந்து வந்தது.

"என்ன பண்ணுவேன்னு இங்க உக்காந்து ரோசன பண்ணறதுக்குப் பதிலா நானும் போய்ப் பாத்துட்டு வாரேன் சாமி. கடல்னா தலமுழுவத்தான் கூட்டிட்டுப் போனீங்க. ஒருக்கா முழுவாமப் போறேன்."

அன்றிரவே நானும் அவளும் இராமநாதபுரத்துக்கு வண்டி ஏறினோம்.

விடிந்து வெளிச்சம் பரவியபின் படகேறினோம். படகோட்டி எங்கள் இருவருக்கும் மிதவைச் சட்டை மாட்டி, வார்களை இழுத்துப் பார்த்தார். கரை கண்ணில் படும் தூரத்திலேயே நங்கூரம் இட்டோம். கடற்பாசி கரும்படலமாகத் தெரிந்த இடத்துக்கும் வெண்மணல் தெரிந்த இடத்துக்கும் இடையே தூண்டிலை இறக்கினேன். மேட்டூரின் விளிம்பு இங்கும் விளிம்புதான். கிழங்கான் மீன்கள் கடிக்கத் தொடங்கின. மனைவியின் கைபேசி ஒலித்தது.

"அப்பா எங்கீங்கம்மா?"

"தண்ணி மேல சாமி."

"எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"அவரு உக்காந்துதான் இருக்காரு. நாந்தான் எந்திரிச்சுப் பாத்தேன், வையறாரு."

மீன்கள் விடாமல் கடித்துக்கொண்டிருந்தபோது, படகோட்டி மேற்கே திரும்பிப் பார்த்தார். "கச்சான் எந்திரிக்குது ஐயா. கெளம்புவமா?" நான் உடனே நூலைச் சுற்றினேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஊட்டுல சொன்னா ஆறு மாசம் சண்ட. இவரு சொன்னா ஒடனே மடக்கறீங்க?"

"இவரு காத்தப் பாத்தாரு அம்மிணி."

அவளும் மேற்கே பார்த்தாள். முந்தானை பின்னால் பறந்து படபடத்தது. அதை இழுத்து மிதவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என்னைக் கேளாமலே படகோட்டியிடம் கேட்டாள்:

"மறுக்கா எப்ப வரலாமுங்க?"