அத்தை கதை சொல்லாத படம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம் நல்லதா கெட்டதா என்பதை அத்தைதான் தீர்மானிப்பாள். அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. ஞாயிற்றுக்கிழமை யட்டியாந்தோட்டை பஜாருக்குப் போய் மெட்னி ஷோ பார்ப்பாள். மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், கூடையை இறக்கிவிட்டுத் தங்கள் முறைக்காக நிற்கும் பெண்களுக்கு, எழுத்துப் போடுவதிலிருந்து சுபம் வரைக்கும் ஒரு காட்சி விடாமல் சொல்லுவாள். கடைசியில் தீர்ப்பும் சொல்லுவாள். அவள் வாயால் பிழைத்த படம் அநேகமாக இல்லை.

கதாநாயகன் சோறு தின்னும் காட்சி வந்தால் அத்தைக்குக் கண் கூர்மையாகிவிடும். "மூணு நாளு பட்டினி கெடந்தவன் அப்பிடியா விரலு நுனியில தொட்டுத் தின்னுவான்? தட்டையே வழிச்சு நக்கியிருக்க மாட்டானா?" என்பாள். அழுகிற தாய்க்கு மூக்கு ஒழுகவில்லை என்றால் அது அழுகையே இல்லை. பஜாரில் துணிக்கடை முதலாளி டிவி வாங்கி வைத்த பிறகு அதுவும் அவளிடம் மாட்டிக்கொண்டது. வாரம் ஒரு நாள் சிங்கள நாடகம் ஓடும். கடைவாசலில் கூட்டமாக நின்று பார்ப்போம். "போன கெழமையும் இந்த நோனா இதே தேத்தண்ணியத்தான் குடிச்சா. இன்னும் அந்தக் கோப்பை காலியாகலயே!" என்றாள் ஒரு நாள். முதலாளி கூடச் சிரித்துவிட்டார்.

இந்த வாயால்தான் அவளுக்கு இரண்டு சம்பந்தங்கள் கை நழுவிப் போயின. ஒரு மாப்பிள்ளையின் மீசையைப் பார்த்து, "கடைசிச் சண்டையில அடி வாங்குறவன் மாதிரி இருக்காரு" என்று அம்மாவிடம் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அப்பா நொந்து போனார். மூன்றாவதாக அரநாயக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும், அத்தையைக் கூப்பிட்டுக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் வாயத் தொறக்காத தாயி. இதுவும் போச்சுன்னா நான் யாரு வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

எனக்கும் கவலைதான். கல்யாணம் நடந்தால் ரோஸ் நிறத்தில் சட்டை தைத்துத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை தேயிலைச் செடி ஓங்கிவிடாமல் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒல்லியாக, தலை நிமிராமல் இருந்தார். சாப்பாடு முடிந்தது. எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் வந்தவர்கள் கால் நீட்டவும் இடமில்லை. அதனால் விருந்தாளிகளுக்கு பஜாரில் ஒரு மெட்னி காட்டி பஸ் ஏற்றிவிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. எல்லோரும் கிளம்பினோம். தியேட்டரில் பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் பின்வரிசை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இந்தப் பக்கம் அத்தை, அத்தைக்கு இந்தப் பக்கம் நான்.

படத்தின் பாதி வரைக்கும் அத்தை முந்தானையைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். அப்புறம்தானா அந்தப் பாட்டு வர வேண்டும்? கதாநாயகி தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கிறாள். காலில் குதி உயர்ந்த செருப்பு. கூடையைப் பூக்கூடை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, கைக்கு வந்த இலையைப் பிய்த்துப் போட்டபடி ஆடுகிறாள். அத்தையின் கை என் கைக்குள் துடித்தது. நான் இறுக்கிப் பிடித்தேன். கையைத்தானே பிடிக்க முடியும்!

"அடியே, முத்தின எலையில்ல கிள்ளுற! கங்காணி கூடையோட தூக்கி வீச மாட்டானா?"

தியேட்டர் முழுக்கக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். போச்சு, சட்டையும் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது.

"எலைய விடுங்க, செடியப் பாருங்க! கவ்வாத்தே வெட்டாம மரமா நிக்குது. அந்தப் புள்ள ஏணி வச்சில்ல கிள்ளணும்!"

மாப்பிள்ளை! அதுவரை தலை நிமிராத மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அதானே! கூடைக்குக் கயிறயும் காணோம், இடுப்புல கட்டுற படங்குச் சாக்கையும் காணோம்," என்றாள் அத்தை, திரும்பாமலே.

"கொழுந்த எங்க கொண்டுபோய் நிறுப்பாங்களாம்? அதையும் கேளுங்க!"

முன்னால் இருந்த ஒரு சிங்கள ஐயா தொடையில் தட்டி, "ஹரி நங்கி, ஹரி!" சரிதான் தங்கச்சி என்று ஆமோதித்தார். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள்தானே, எல்லோரும் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். பாட்டு ஒருவர் காதிலும் விழவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "டேய், உக்காருடா!" என்று அதட்டிப் பார்த்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியாமல் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "ஜாடிக்கு ஏத்த மூடி," என்று என் அம்மாவின் தோளில் தட்டினார்.

அதற்குப் பிறகு அத்தை வாயே திறக்கவில்லை. அடிக்கடி பின்னால் மட்டும் திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்குக் கோபம் தணிந்துவிட்டதா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்தேன். பஸ் ஏறும்போது, "அடுத்த மாசம் பரிசம் போட வர்றோங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்குச் சட்டை வந்தது. சந்தோஷத்தில் வீடு வரைக்கும் ஓடினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு மடுவத்துக்குப் போனேன். பெண்கள் அத்தையைச் சூழ்ந்து நின்றார்கள்.

"படம் எப்பிடிடி?"

"நல்லாயிருந்துச்சுக்கா."

அத்தை ஒரு படத்தை நல்லாயிருக்கு என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"கதையச் சொல்லேன்."

அத்தை கூடைக் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றாள். "கதையா... கவனிக்கலையேக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கதை தெரியாதாமே! எங்கள் வீட்டு மானம் போகிறதே என்று ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, நானே முழுக்கதையையும் சொன்னேன். வெள்ளத்தில் பிரிந்த அண்ணன் தம்பி, கோவில் வாசலில் கிடந்த தாய், எதையும் விடவில்லை. தாய் சாகும் கட்டத்தைக் குரல் நடுங்கச் சொன்னேன். பெண்களோ அத்தையின் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தை முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சாவைச் சொன்னாலே இப்படிச் சிரிக்கிறார்களே, அத்தையை விட நான்தான் நன்றாகக் கதை சொல்கிறேன் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.